லோண்ட்ரி அமெரிக்கன்

அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. ஆனால் ஆறு வருஷம், கிழமைக்கு ஆறு நாள், அமெரிக்கா வழியாகத்தான் நான் வேலைக்குப் போய்வந்தேன்.

காலை ஐந்தரைக்கு ஸ்பிரிங்வேலில் என் வீட்டு வாசலில் என்னோடு வேலை செய்த அவருடைய பழைய வெள்ளைக் கார் வந்து நிற்கும். எனக்குக் கார் ஓடத் தெரியாது. அந்த நேரத்தில் டண்டினோங் தொழிற்பேட்டைக்குப் பஸ்ஸும் இல்லை. முன் இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போடுவேன். "காலமை வணக்கம் அக்கா" என்பார். அத்தோடு அவருடைய பேச்சு நின்று, காருக்குள் ஓர் அமெரிக்கப் பிரசங்கியார் பேசத் தொடங்குவார். போனில் தினமும் வரும் நிகழ்ச்சி அது. பாதி வேதம், பாதி அரசியல். எந்த நீதிபதி சரியாகத் தீர்ப்புச் சொன்னார், எந்த ரீவிக்காரன் எதை மறைத்தான், எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்ன கெட்டதைப் படிப்பிக்கிறார்கள் என்று அந்தக் கிழவர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார். இவர் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி எனக்கு அதைத் தமிழாக்குவார். தமிழில் சொல்லும்படி நான் கேட்டதே இல்லை. எனக்கும் ஆங்கிலம் விளங்கும் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன்.

"விளங்கும் அக்கா. ஆனா உள்ளுக்குள்ள இருக்கிற விஷயம் விளங்காது" என்பார்.

என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மன்னார்ப் பக்கத்து ஆள். படகில் வந்தவர். அவருடைய அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள், மேன்முறையீடும் தோற்றுப்போனது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற விசாவில் வருஷக் கணக்காக இருந்தார். வேலை செய்யலாம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது. படகு ஏறியபோது மகளுக்கு மூன்று வயது. நான் அவருடைய காரில் ஏறத் தொடங்கியபோது ஒன்பது. நிரந்தர விசா கிடைத்து மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடுவது ஒன்றுதான் அவருடைய வாழ்க்கையில் மிச்சமிருந்த காரியம். அது எனக்குத் தெரியும், லோண்ட்ரியில் எல்லாருக்கும் தெரியும்.

லோண்ட்ரி என்றால் ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் துணி தோய்த்துக் கொடுக்கிற பெரிய கட்டடம். அவர் ஈர விரிப்புகளை நீட்டி இஸ்திரி மெஷினுக்குள் விடுவார். மறுபக்கம் சூடாக வருவதை நான் மடிப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பஸ் நீளத்துக்கு மெஷின் இரையும். அதனால் எட்டு மணித்தியாலம் எனக்கு அமெரிக்காவிலிருந்து விடுதலை.

அங்கே அவருக்குப் பெயர் 'அமெரிக்கன்'. சூடான்காரன் ஒருவன் வைத்தது. அவருக்கு அது தெரியும், கோபிக்க மாட்டார். சொல்லப்போனால் அவர் பேச்சும் அதற்கேற்றதுதான். "நாங்கள் ஒஹையோவில வெண்டிட்டம்" என்பார். "எங்கட ஆக்கள் செனட்டைக் கோட்டை விட்டிட்டினம்" என்பார். எங்கள் கவுன்சில் குப்பை வாளி எடுக்கிற நாளை மாற்றியது இரண்டு மாதமாக அவருக்குத் தெரியாது. வாளி நிறைந்து வழிந்து, வீட்டில் கூட இருந்தவர்கள் கத்தியபிறகுதான் தெரிந்தது. ஆனால் பென்சில்வேனியாவில் எந்த எந்த ஊர் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்.

எனக்குச் சிலநேரம் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பிரசங்கியார் எல்லையைத் தாண்டி வருகிறவர்களைப் பற்றிப் பேசினார். இவரும் தலையை ஆட்டி ஆட்டி மொழிபெயர்த்தார். "களவா வந்தா திருப்பி அனுப்பத்தான் வேணும் அக்கா. சட்டம் எண்டா சட்டம்."

"நீர் எப்பிடி வந்தனீர் தம்பி? பிளேனிலயோ?"

"நான் உயிருக்குப் பயந்து ஓடி வந்தனான்."

"அவையளும் அதைத்தானே சொல்லுவினம்."

மனிதர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். லோண்ட்ரி வரும்வரைக்கும் பிரசங்கியார்தான் பேசினார். நன்றாகக் கொடுத்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய புழுகம், உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அடுத்த நாள் காலை காரில் ஏறியதும் போனை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"இரவு முழுக்க யோசிச்சனான் அக்கா. நீங்கள் சொன்னது சரி. சட்டப்படி பாத்தா என்னையும் அனுப்பத்தான் வேணும். நான் வேண்டாம் எண்டு மன்றாடலாம். ஆனா அனுப்பினா அது பிழையெண்டு சொல்லேலாது."

கேலிக்குச் சொன்னதைத் தூக்கிக்கொண்டுபோய் இரவிரவாக நிறுத்துப் பார்த்து, தனக்கெதிராகவே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்து நிற்கிற ஆளை என்ன செய்வது? அவரோடு விளையாட்டுக்கும் வாதாடக்கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்த முடிவில் நான் நிற்கவில்லை.

அவருடைய குணமே அதுதான். பிடித்தால் பிடித்ததுதான். தனக்கென்று வரும்போதும் பிடியைக் கொஞ்சம் தளர்த்துவது என்பது அவரிடம் கிடையாது. நான் பிள்ளையார் சதுர்த்திக்கு மோதகம் அவித்தால், "படைச்சதோ அக்கா?" என்று கேட்பார். படைத்தது என்றால் தொடமாட்டார். அதற்காகவே சாமிக்கு வைக்க முன்னம் நாலு மோதகத்தை ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வைப்பேன். ஆண்டவனுக்கு முதல் அமெரிக்கனுக்கு. வாங்கி, முகர்ந்து பார்த்து, அந்த இடத்திலேயே இரண்டைச் சாப்பிடுவார். நான் படைக்கவில்லை என்று சொன்னால் மறுகேள்வி இல்லை.

மடிக்கிற பகுதியில் ஓர் இளம் பெண் இருந்தாள். வியட்நாம்காரி. கல்யாணம் ஆகாமல் கர்ப்பமாகிவிட்டாள், ஆளும் கைவிட்டுவிட்டான். லோண்ட்ரி முழுக்க அதே கதை. கலைத்துவிடப் போகிறாள் என்றும் பேச்சு. இவர் நேரே அவளிடம் போய், நீ செய்தது பாவம் என்று முகத்துக்கு முன்னே சொன்னார். பிறகு, பிள்ளை என்ன செய்தது, பிள்ளை பிள்ளைதானே என்றார். அன்றிலிருந்து அவளுடைய ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவருடைய கார்தான் போனது. பழைய சாமான் கடையில் ஒரு தொட்டில் வாங்கி, உடைந்த காலைப் பொருத்தி, வெள்ளைப் பெயின்ற் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். பாவம் என்று மனதுக்குள் நினைத்துவிட்டுப் பேசாமல் இருந்த நாங்கள் ஒருவரும் பிள்ளைக்கு ஒரு நப்கின் பக்கற்றுக்கூட வாங்கிக் கொடுக்கவில்லை. அந்தப் பெண் இன்றைக்கும் அவரைப் பற்றிக் கேட்பாள்.

பத்திரிகை, ரீவி எதையும் நம்பமாட்டார். ஒருமுறை எங்கள் அகதிச் சங்கத்துப் பொடியள் ஒரு ரீவி நிருபரை அவரிடம் அனுப்பினார்கள். படகில் வந்து குடும்பத்தைப் பிரிந்திருப்பவர்களின் கதை வேண்டுமாம். அது ஒளிபரப்பானால் அரசாங்கத்தின் கண்ணில் படும் என்று நாங்கள் எல்லாரும் சொல்லி அனுப்பினோம். இவர் நிருபரை உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, உங்கள் ரீவி போன அமெரிக்கத் தேர்தலில் ஏன் எங்கட ஆளைப் பற்றிப் பொய் சொன்னது என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். நாற்பது நிமிஷம். அந்த நிருபர்ப் பெண் கமெராவைத் திறக்காமலே போய்விட்டாள்.

"உம்மட மகளைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னீரோ?" என்று கேட்டேன்.

"பொய்யரிட்ட உண்மையைக் குடுத்தா அதையும் பொய்யாக்கிப் போடுவினம் அக்கா."

அமெரிக்கா அவருக்கு என்னவாக இருந்தது என்று எனக்கு விளங்கியது ஒரு நவம்பர் மாதம். அமெரிக்கர்கள் நன்றி செலுத்துகிற நாள் என்று ஒன்று கொண்டாடுவார்களாம், குடும்பமாக இருந்து சாப்பிடுவார்களாம். நாலு ஆண்களோடு பங்குக்கு இருந்த அந்த ஸ்பிரிங்வேல் வீட்டில், இவர் வருஷம் தவறாமல் அதைக் கொண்டாடியிருக்கிறார். அந்த வருஷம் என்னையும் கூப்பிட்டார். வேலை முடிந்து பின்னேரம் போனேன். வான்கோழிக்கு விலை கூட என்று இரண்டு பொரித்த கோழி, கூட உருளைக்கிழங்குக் கறி, பாண். மேசைக்கு வெள்ளை விரிப்பு. போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தார். அதற்குள் மன்னாரில் மனைவியும் மகளும் உச்சி வெயிலில் வியர்த்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள்.

"இண்டைக்கு அமெரிக்கா முழுக்க அப்பா, அம்மா, பிள்ளையள் எல்லாரும் ஒரு மேசையில இருப்பினம் அக்கா" என்று எனக்குச் சொன்னார். "ஒவ்வொருத்தரும் என்னத்துக்கு நன்றி எண்டு சொல்லோணும். பிள்ளை, முதல் நீங்கள் சொல்லுங்கோ."

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். தாயைப் பார்த்தாள். பிறகு, "அப்பாவுக்கு வேலை இருக்கிறதுக்கு" என்றாள்.

"ஆமென்" என்றார் இவர். மேசை விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். மற்ற நாலு பேரும் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தண்ணீர் எடுக்கப் போவது போல் குசினிக்குள் போனேன். அதற்குப் பிறகு காரில் அந்தப் பிரசங்கியார் பேசும்போது முன்போல எரிச்சல் வரவில்லை. அந்தக் கிழவர் விற்கிற சாமானை இவர் ஏன் வாங்குகிறார் என்று தெரிந்துவிட்டது.

தேர்தல் வந்தால் மூன்று நாள் உபவாசம். தண்ணீர் மட்டும். அந்த மெஷின் சூட்டில் மூன்று நாள் சாப்பிடாமல் நிற்பது சும்மா காரியமல்ல. அங்கே செவ்வாய்க்கிழமை இரவு வாக்கு எண்ணுவது இங்கே எங்களுக்குப் புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவருடைய ஆள் தோற்ற வருஷம் முடிவு வர நாலைந்து நாள் இழுத்தது. பிறகு இரண்டு கிழமை எங்களோடு கதைக்கவில்லை. நாங்கள் எல்லாரும் ஏதோ துரோகம் செய்துவிட்டது போல. வென்ற வருஷம், அடுத்த நாளே நாற்பது பேருக்கு ரோல்ஸும் பற்றிஸும் வாங்கி வந்தார். ஆப்கானிஸ்தான்காரர் ஒருவர் பற்றிஸை வாயில் வைத்தபடி, உமக்குப் பிறந்தநாளா என்று கேட்டார். எங்கட ஆள் வென்றுவிட்டார் என்று இவர் சொன்னதும் அந்த மனிதர் மென்றதை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

அந்த இரண்டாவது தேர்தலுக்கு முன்தான் உறுதிமொழிக் கடிதம் வந்தது. பிரசங்கியார் தன்னுடைய நேயர்கள் எல்லாரையும் ஒரு தாளில் ஒப்பமிடச் சொன்னார். கருக்கலைப்பையும் ஆணும் ஆணும் பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்வதையும் ஆதரிக்கிற எந்த அரசியல்வாதிக்கும் என் வாக்கையோ என் பெயரையோ என் கையெழுத்தையோ கொடுக்க மாட்டேன் என்று ஆண்டவருக்கு முன் சத்தியம். இவர் ஸ்பிரிங்வேல் நூலகத்தில் போய் அதை அச்செடுத்துக்கொண்டு வந்தார். சாட்சிக்கு ஒரு கோடு கீழே இருந்தது.

"ஒரு கையெழுத்து வையுங்கோ அக்கா."

"உமக்கு அங்கயும் வோட்டு இல்லை, இஞ்சையும் வோட்டு இல்லை. இதென்ன விசர்க்கூத்து தம்பி?"

"வோட்டு இல்லை. பேர் இருக்குத்தானே?"

வேலைக்கு நேரமாகிவிட்டது. காரின் பொனற்றில் தாளை வைத்து, சிரித்துக்கொண்டே சாட்சி ஒப்பம் போட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே நான் அறையலாம் போலிருக்கும்.

அடுத்த வருஷம், கிளேட்டனில் இருந்து ஓர் இளம் தமிழ் லோயர் இவருடைய கோப்பைக் கையில் எடுத்தாள். சம்பளம் வாங்காமல்தான். கெட்டிக்காரப் பிள்ளை. இனிக் கோர்ட்டில் ஒன்றும் இல்லை, அமைச்சர் தன்னுடைய அதிகாரத்தைப் பயன்படுத்தி விசா கொடுத்தால்தான் உண்டு, இது கடைசிக் கதவு என்றாள். வருகிற மனுக்களில் பெரும்பாலானவை அமைச்சருடைய மேசைக்கே போகாது. அங்கே போக வேண்டுமென்றால் யாராவது எம்.பி. ஒருவர் கடிதம் கொடுத்து, தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் பகுதி எம்.பி. ஒரு பெண்மணி, அவர் கோப்பைப் படித்துவிட்டுச் சம்மதித்திருந்தார்.

துணைக்கு நானும் போனேன். ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில் சின்ன ஒஃபிஸ். அந்தப் பெண்மணி தானே எழுந்து வந்து கதிரை இழுத்துப் போட்டார். மகளின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகியிருந்தார். மேசையில் ஒரு படம். அவரும் இன்னொரு பெண்ணும் தோளில் கைபோட்டு நிற்க, நடுவில் பல் விழுந்த ஒரு பையன். லோயர் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் முருகா என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

இவர் தன்னுடைய ஆங்கிலத்தில் தொடங்கினார். அம்மா, நீங்கள் ஆதரிக்கிற சட்டங்களுக்கு எதிராக நான் ஒவ்வொரு ஞாயிறும் ஜெபிக்கிறேன், இதை மறைத்துவிட்டு உங்களிடம் உதவி கேட்பது சரியில்லை என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. அந்தப் பெண்மணி, பரவாயில்லை, எனக்கு வாக்களிக்கிறவர்களுக்கு மட்டும் நான் எம்.பி. இல்லை என்றார். ஒரு பிள்ளை அப்பாவோடு இருக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் ஒரே கருத்துத்தானே என்றும் சொன்னார். பிறகு ஒரு தாளை நீட்டினார். இவருடைய சார்பில் அமைச்சரிடம் பேசுவதற்கு இவர் அந்த எம்.பி.க்குச் சம்மதம் கொடுக்கிறார் என்று நாலு வரி. வழக்கமாக எல்லாரிடமும் வாங்குகிற தாள்தான். கீழே பெயர், கையெழுத்து.

பேனையைக் கையில் எடுத்தார். தாளை இரண்டு தரம் வாசித்தார். பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"ஏலாது அக்கா" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள்தானே சாட்சி."

வெளியே கூட்டிக்கொண்டு வந்து ரோட்டில் வைத்து ஏசினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அது அமெரிக்காக்காரனுக்கு எழுதின தாள் தம்பி! அவங்கட எலக்சனுக்கு! நீர் ஆர், உம்மட ஊர் எது, அதில உமக்கென்ன வேலை? என்ர கையெழுத்தை நான் திருப்பி எடுக்கிறன். போய் வையும்!"

"ஆண்டவருக்கு முன்னால வைச்சது. அமெரிக்காக்காரன் எழுதினதெண்டு அவருக்குச் சொல்லுறதோ?"

"அந்த மனிசி உம்மட பிள்ளைக்காக எழுதுறன் எண்டு சொல்லுறா."

"நல்ல மனிசிதான். அதுதான் கஷ்டம். இதை அவவின்ர கையால வாங்கினா, சாகும்வரைக்கும் நான் அவவுக்கு நன்றியா இருக்கோணும். பிறகு எந்த வாயால அவவின்ர சட்டத்துக்கு எதிரா ஜெபிக்கிறது?"

"ஜெபிக்காமல் விடும். உலகம் அழிஞ்சு போகாது."

லோயர் பிள்ளை அழுதேவிட்டாள். மூன்று கிழமை அவகாசம் இருந்தது. நான் அவருடைய சபைப் பாஸ்டரிடமே போனேன், ஒரு சைவக்காரி சபை வாசலில் போய் நின்றேன். பாஸ்டர் நல்ல மனிதர். இவரைக் கூப்பிட்டு, ஒப்பம் வையும் ஐயா, ஆண்டவர் உம்முடைய மனதை அறிவார், குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் காரில் இவர், "பாஸ்டரும் தளர்ந்திட்டார் அக்கா" என்று கவலைப்பட்டார். பாஸ்டருக்காகக் கவலைப்பட்டார்! மற்ற எம்.பி.க்கள் இரண்டு பேருக்கு லோயர் பிள்ளை எழுதினாள். இவருடைய கருத்துகளோடு ஒத்துப்போகிற கட்சிக்காரர்கள்தான். ஒருவர் பதில் போடவில்லை. மற்றவருடைய ஒஃபிஸில் இருந்து, படகில் வந்தவர்களுக்குக் கடிதம் கொடுப்பதில்லை என்று இரண்டு வரி வந்தது. அதை வாசித்துவிட்டு, "அவை தங்கட கொள்கையில நிக்கினம்" என்றார். அதில் கோபமே இல்லை. எனக்குத்தான் கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட வேண்டும் போலிருந்தது.

மனு கடிதமில்லாமல் போனது. அமைச்சரின் மேசைக்குப் போகாமலே திரும்பி வந்தது. அடுத்த தரம் விசாவைப் புதுப்பித்தபோது, வேலை செய்கிற உரிமை இல்லாமல் கொடுத்தார்கள். லோண்ட்ரியில் மேற்பார்வையாளருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமைதான் இவருடைய கடைசி வேலை நாள்.

சனிக்கிழமைகளில் வேலை முடிந்து திரும்பும்போது மன்னாருக்குக் கதைப்பது அவருடைய வழக்கம். காரை ஓரமாக நிறுத்தி, போனை ஸ்பீக்கரில் போடுவார். அன்றைக்கும் போட்டார். நடந்ததை முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார். நான் கையைக் காட்டினேன், வாயில் விரலை வைத்தேன், கடைசியில் அவருடைய தொடையில் அடித்தேன். வேண்டாம், அரசாங்கம் மறுத்துவிட்டது என்று மட்டும் சொல்லும் என்று, போனுக்குக் கேட்காமல் அவருடைய காதுக்குள் கெஞ்சினேன். மனிதர் ஒன்று விடாமல் சொன்னார். எம்.பி. நல்லவர் என்பதையும் சொன்னார். தாள் நீட்டியதையும், தானே வைக்க மாட்டேன் என்றதையும் சொன்னார்.

பிறகு மனைவியின் குரல் வந்தது. "எங்களைவிட உங்களுக்கு அமெரிக்கா பெரிசாப் போச்சோ?"

"இஞ்சேர், அமெரிக்கா இல்லை. சத்தியம் பண்ணிப் போட்டன்."

"எனக்கும்தானே சத்தியம் பண்ணினனீங்கள். ரெண்டு வருஷத்தில கூப்பிடுவன் எண்டு, பிள்ளையின்ர தலையில கை வைச்சு."

போன் அடங்கிவிட்டது. திரும்ப எடுத்தார், அவர்கள் எடுக்கவில்லை. அரை மணித்தியாலம் அந்த ஓரத்திலேயே இருந்தோம். அத்தனை வருஷத்தில் அவருடைய காருக்குள் அவ்வளவு நேரம் ஒருவரும் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் ஸ்ரியரிங்கில் இரண்டு கையையும் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் காரை விற்றார். தூரத்து மில்டுரா பக்கம் திராட்சைத் தோட்டத்தில் விசா கேட்காமல் வேலை கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அது சட்டமில்லை என்று முதலில் மறுத்தாராம். பிறகு ஒருநாள் ஒருவருக்கும் சொல்லாமல் போய்விட்டார். அங்கேதான் போனாரா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. சட்டம் எண்டா சட்டம் என்ற அந்த மனிதரை அப்படி ஒரு தோட்டத்தில் ஒளிந்து நிற்கிறவராக நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் போன் அடித்தது. மன்னாரில் இருந்து மகள். இப்போது பதினாறு வயது, நல்ல நிதானமான குரல்.

"அன்ரி, ஒண்டு கேக்கலாமோ? அப்பா அண்டைக்குச் சொன்னது உண்மையோ? தான்தான் கையெழுத்து வைக்கேல்லை எண்டது?"

நான் யோசிக்கவில்லை. "இல்லைப் பிள்ளை" என்றேன். "அந்த எம்.பி. கடைசி நேரத்தில பின்வாங்கிட்டா. மறுத்துப்போட்டினம் எண்டு சொல்ல அப்பாவுக்கு ரோசம். அதாலதான், தான்தான் கையெழுத்து வைக்கேல்லை எண்டு சொன்னவர். நான் பக்கத்தில இருந்தனான்தானே."

அவளுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போவது கேட்டது.

"அப்பா பொய் சொல்லுறேல்லை அன்ரி" என்றாள். "எனக்குத் தெரியும். ஆனா அம்மா எண்டாலும் நம்பட்டும். அவ அப்பாவின்ர படத்தைக் கூடக் கழட்டி வைச்சிட்டா. நான் அம்மாவிட்டைக் குடுக்கிறன். இப்ப எனக்குச் சொன்னமாதிரியே ஒருக்காச் சொல்லுங்கோ."

போன் கைமாறியது. "சொல்லுங்கோ அக்கா" என்றார் தாய். சொன்னேன். இரண்டாம் தரம் இன்னும் நன்றாகச் சொல்ல வந்தது. அந்த நல்ல பெண்மணியின் தலையில் இல்லாத பழியை எல்லாம் போட்டேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு விம்மினார். "அண்டைக்கு நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது அக்கா. அவரை எடுக்கச் சொல்லுங்கோ. நான் பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

உடனே அவருடைய எண்ணுக்கு எடுத்தேன். அந்த எண் பாவனையில் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் சொன்னது. சபையில் கேட்டேன், பழைய வீட்டில் கேட்டேன், அந்த வியட்நாம் பெண்ணிடமும் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மன்னாரில் இருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை தாய் கேட்கிறார், தேடுகிறேன் என்கிறேன். கிடைத்தால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். மனைவியோடு கதைக்கிற முதல் நிமிஷத்திலேயே, அக்கா சொன்னது பொய், நான்தான் வைக்கவில்லை என்று சொல்லிவிடுவார்.